லைட் லோடு: மருந்தைக் குறைச்சா குண்டு போய்ச் சேருமா?

போன தீபாவளிக்கு ஊருக்கு போன் போட்டப்போ சித்தப்பா கேட்டாரு, "ஏப்பா, நீ ஏதோ தோட்டாவுல மருந்தைக் கம்மி பண்ணி நீயே செஞ்சு சுடுறியாமே, அது பாதி வழியிலயே விழுந்துராதா?" அதே வாரம் இங்க ஒஹாயோவுல எங்க கிளப்புக்குப் புதுசா வந்த ஒரு பையன் சொன்னான், லைட் லோடு தானே, கம்மியா போடுறோம், அதனால தப்பே நடக்காது, அதுலயே பழகிக்கிறேன்னு. சித்தப்பா கேட்டது நியாயமான சந்தேகம், ஆனா விடை அவர் நினைச்சதுக்கு நேர் எதிர். அந்தப் பையன் சொன்னது நிஜமாவே பயப்பட வேண்டிய பேச்சு. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே இடத்துல எழுதிடலாம்னுதான் இது. துப்பாக்கியையே தொட்டுப் பார்க்காதவங்களுக்கும் புரியுற மாதிரி ஆரம்பத்துல இருந்து வர்றேன்.

முதல்ல, இது என்ன விளையாட்டு

புல்ஸ்ஐ பிஸ்டல்னு அமெரிக்காவுல ஒரு பழைய போட்டி இருக்கு, இப்போ பிரிசிஷன் பிஸ்டல்னும் சொல்றாங்க. ஒஹாயோவுல ஏரி ஈரி கரையில கேம்ப் பெர்ரின்னு ஒரு இடம், 1907ல இருந்து தேசியப் போட்டிகள் நடக்குற இடம், இந்த விளையாட்டுக்காரங்களுக்கு அது கோயில் மாதிரி. விதி ரொம்ப சிம்பிள்: ஒரே கையில பிடிச்சுக் கையை நீட்டி நின்னு சுடணும், இன்னொரு கை சும்மா பாக்கெட்ல. 50 கஜத்துல ஸ்லோ ஃபயர், 10 ஷாட்டுக்கு 10 நிமிஷம். அப்புறம் 25 கஜத்துல டைம்டு ஃபயர், 5 ஷாட் 20 செகண்ட்ல. அதுக்கப்புறம் ரேபிட் ஃபயர், அதே 5 ஷாட் 10 செகண்ட்ல.

50 கஜம்னா சுமார் 46 மீட்டர். அங்க இருக்குற 10 புள்ளி வட்டத்தோட குறுக்களவு 3.36 அங்குலம், எட்டரை சென்டிமீட்டர், ஒரு சின்ன காபி டபரா வாய் அளவுதான். அதுக்குள்ள எக்ஸ் வட்டம்னு இன்னொண்ணு, 4.3 சென்டிமீட்டர்.

முழுப் போட்டிக்குப் பேரு 2700. பாயிண்ட் 22 துப்பாக்கியில 90 ஷாட், சென்டர்ஃபயர்ல (தோட்டாவோட அடியில நடுவுல தட்டிச் சுடுற வகை) 90, பாயிண்ட் 45ல 90, மொத்தம் 270. இந்த 22, 45 எல்லாம் குண்டோட குறுக்களவு, சுமாரா, அங்குலத்துல. நிறைய பேர் சென்டர்ஃபயர் பகுதியையும் அதே 45லயே சுட்டுடுவாங்க, அப்போ ஒரே நாள்ல ஒத்தைக் கையில 180 தடவை 45 சுடணும். இந்த 180ங்கிற எண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க.

தோட்டா வேற, குண்டு வேற

நம்ம பேப்பர்ல "தோட்டா பாய்ந்தது"ன்னு எழுதுறாங்க பாருங்க, குழப்பம் அங்கயே ஆரம்பிக்குது. பாயுறது குண்டு மட்டும்தான். தோட்டாங்கிறது நாலு பொருள் சேர்ந்த ஒரு முழு உருப்படி.

வெளிய பித்தளைக் கூடு, இதைக் கேஸ்னு சொல்லுவோம். கூட்டோட அடியில நடுவுல ஒரு சின்ன வட்டம், அது ப்ரைமர். நம்ம ஊர்ல தீபாவளிக்குப் பொட்டு வெடி வச்சு கல்லால தட்டுவோம்ல, ப்ரைமர் அதோட அண்ணன்: தட்டினா தீப்பொறி விடும், அவ்ளோதான் அதோட வேலை. அந்தப் பொறி கூட்டுக்குள்ள இருக்குற பவுடரைப் பத்த வைக்கும், நாம மருந்துன்னு சொல்றது அதைத்தான். மருந்து எரிஞ்சு வாயுவாகி, கூட்டு வாயில செருகி இருக்குற குண்டைக் குழல் வழியா வெளிய தள்ளும்.

இதுல ஒரு விஷயத்தை நல்லா பிடிச்சுக்கணும், பின்னாடி வேணும். துப்பாக்கி மருந்து வெடிக்கிற பொருள் கிடையாது, எரியுற பொருள். திறந்த தட்டுல கொஞ்சம் கொட்டிப் பத்த வச்சா புஸ்வாணம் மாதிரி புஸ்ஸுனு எரிஞ்சு முடிஞ்சிரும். அதே மருந்தை மூடின இடத்துல எரிச்சா வாயு வெளிய போக வழியில்லாம அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறுனா மருந்து இன்னும் வேகமா எரியும், வேகமா எரிஞ்சா அழுத்தம் இன்னும் ஏறும். ஒண்ணு இன்னொண்ணைத் தூக்கி விட்டுட்டே போகும். குக்கர்ல விசில் அடைச்சுக்கிட்டா என்ன ஆகும்னு தெரியும்ல, இங்க அடுப்பும் சேர்ந்து தானாவே பெருசா எரியுற மாதிரி.

சுட்டு முடிச்சதும் குண்டு போச்சு, மருந்து போச்சு, ப்ரைமர் செத்துப் போச்சு, ஆனா பித்தளைக் கூடு அப்படியே கிடக்கும். அதைப் பொறுக்கிட்டு வந்து, உப்பிப் போன கூட்டை அச்சுல அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, பழைய ப்ரைமரைத் தட்டி எடுத்துப் புதுசு வச்சு, மருந்து அளந்து போட்டு, குண்டைச் செருகி, கூட்டு வாயை லேசா ஒடுக்கி விடுறது, இதுதான் ஹேண்ட்லோடிங். ரீலோடிங்னும் சொல்லுவாங்க. கடைசியா வாயை ஒடுக்குறதுக்குப் பேரு க்ரிம்ப். பாயிண்ட் 22க்கு மட்டும் இதைச் செய்ய முடியாது, ஏன்னா அதுல தனி ப்ரைமர் கிடையாது, தீப்பொறி மருந்து கூட்டோட விளிம்புக்குள்ளயே தடவி இருக்கும், ஊசி தட்டி விளிம்பு நசுங்குனா கூடு தீர்ந்துச்சு.

இதுவரைக்கும்: தோட்டா = கூடு, ப்ரைமர், மருந்து, குண்டு. கூடு திரும்ப உதவும், மத்த மூணும் ஒவ்வொரு தடவையும் புதுசு. மருந்து அடைபட்ட இடத்துல எரிஞ்சா அழுத்தமும் வேகமும் ஒண்ணை ஒண்ணு ஏத்தி விடும்.

ஏன் குறைக்கணும்

கேரம் போர்டுல புதுசா ஆடுறவங்களைப் பாருங்க, எல்லா காயையும் ஓங்கி அடிப்பாங்க. பழகினவங்க காய் குழிக்குப் போற அளவுக்கு மட்டும் சுண்டுவாங்க. நம்ம குண்டுக்கு இங்க ஒரே வேலைதான், ஒரு பேப்பர்ல ஓட்டை போடணும். பேப்பரைத் துளைக்க ராணுவத் தோட்டாவோட பலம் எதுக்கு?

45ஓட ராணுவத் தோட்டாவை இங்க ஹார்ட்பால்னு கூப்பிடுவாங்க. குண்டு 230 கிரெயின், வேகம் செகண்டுக்குச் சுமார் 850 அடி. கிரெயின்ங்கிறது எடை அளவு, ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம், நம்ம ஆசாரிங்க பழைய காலத்துல தங்கம் நிறுத்த குன்றிமணி எடையில பாதிதான் வரும். அதாவது 230 கிரெயின் குண்டு கிட்டத்தட்ட 15 கிராம். டார்கெட்டுக்குச் சுடுறவங்க பெரும்பாலும் 185 இல்லாட்டி 200 கிரெயின் குண்டை 700ல இருந்து 770 அடி வேகத்துல அனுப்புவாங்க, இதைத்தான் சாஃப்ட்பால், லைட் லோடுன்னு சொல்றது.

வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். குண்டு முன்னாடி போறதும் துப்பாக்கி பின்னாடி வர்றதும் ஒரே அளவுதான், ஸ்கூல்ல படிச்ச நியூட்டன் விதி. எடையை வேகத்தால பெருக்குங்க. ஹார்ட்பால்: 14.9 கிராம், செகண்டுக்கு 259 மீட்டர், பெருக்கினா 3,860 கிட்ட வருது. லைட் லோடு: 185 கிரெயின்னா 12 கிராம், 750 அடின்னா 229 மீட்டர், பெருக்கினா 2,740 கிட்ட. சுமார் 30 சதவீதம் கம்மி. பின்னுதைப்போட ஆற்றல் வேகத்தோட வர்க்கத்துல போறதால, கைக்கு வர்ற உதை கிட்டத்தட்ட பாதியாயிடுது. (வாயு வெளிய வர்றதோட பங்கை இதுல சேர்க்கல, சேர்த்தாலும் கதை மாறாது.) அந்தப் பாதியை 180ஆல பெருக்கிப் பாருங்க, சாயங்காலம் மணிக்கட்டு சொல்லும்.

வலியை விட முக்கியமானது ஃப்ளின்ச். உதை வரப்போகுதுன்னு மூளைக்குத் தெரிஞ்சதும், ட்ரிக்கர் அமுங்குறதுக்கு ஒரு நொடி முன்னாடியே கை தானா இறுகி முன்னாடி குத்தும், ஊசி போட வர்றப்போ கை சுருங்குற மாதிரி, நாம வேணாம்னாலும் நடக்கும். இதுக்கு என்ன விலைன்னா, சாதாரண 1911ல (பாயிண்ட் 45 சுடுற பழைய ராணுவ பிஸ்டல்) குறி பார்க்குற முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல சுமார் 16.5 சென்டிமீட்டர், அதுல முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தா 50 கஜத்துல குண்டு 28 சென்டிமீட்டர் தள்ளிப் போய் விழும். 10 வட்டமே எட்டரை சென்டிமீட்டர்! துல்லியம் லைட் லோடுக்குள்ள ஒளிஞ்சு இருக்குன்னு நினைக்கிறாங்க நிறைய பேர். சுடுறவனைப் பயமுறுத்தாம இருக்குறதுதான் அது பண்ற பெரிய உபகாரம்.

சித்தப்பாவோட கேள்வி

இப்போ, பாதி வழியில விழுமா? எல்லா குண்டும் விழுந்துட்டேதான் போகும், எவ்ளோ வேகமா போனாலும். குழலை விட்டு வெளிய வந்த நொடியில இருந்து பூமி இழுக்க ஆரம்பிச்சிரும். ஹார்ட்பால் 50 கஜத்தைக் கடக்க 0.18 செகண்ட் எடுக்கும், அதுக்குள்ள சுமார் 15 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். லைட் லோடுக்கு 0.2 செகண்ட், சுமார் 20 சென்டிமீட்டர். வித்தியாசம் 5 சென்டிமீட்டர். பின் சைட்டை நாலஞ்சு க்ளிக் ஏத்தி வச்சா முடிஞ்சது. கவண்ல மாங்காய் அடிச்ச எல்லாருக்கும் இது தெரியும், தூரமா இருந்தா கொஞ்சம் மேல பார்த்து விடுவோம், கல்லை மாத்தினா கை தானா கணக்கை மாத்திக்கும்.

அப்போ மெதுவா போறது பிரச்சினையே இல்ல, ஒவ்வொண்ணும் ஒரே மாதிரி மெதுவா போகணும், அதுதான் வேண்டியது. சித்தப்பாகிட்ட இதைச் சொன்னேன், "அப்போ சரி, சைட்டைத் தூக்கிக்கிறே"ன்னு உடனே பிடிச்சுக்கிட்டாரு.

ஆனா எவ்ளோ வேணா குறைக்க முடியாது

இங்கதான் "மருந்தைக் கொஞ்சமா போடு"ங்கிற பேச்சு உடையுது. 45 பிஸ்டல் ஒரு தானியங்கி. உதையோட பலத்தாலதான் மேல இருக்குற ஸ்லைடு பின்னாடி போய், காலிக் கூட்டை வெளிய தள்ளி, ஸ்பிரிங் தள்ள முன்னாடி வந்து அடுத்த தோட்டாவைக் குழல்ல ஏத்துது. ஸ்லைடுங்கிறது துப்பாக்கியோட மேல்பாகம், முன்னும் பின்னும் ஓடுற இரும்பு. உதையைக் குறைச்சா ஸ்லைடை ஓட்டுற பலமும் குறையும்.

ஹார்ட்பாலுக்காகப் பண்ணின 1911ல சாதாரணமா 16 பவுண்டு ஸ்பிரிங் இருக்கும். அதை மாத்தாம லைட் லோடு போட்டா, ஸ்லைடு முழுசா பின்னாடி போகாது, வெளிய வர வேண்டிய கூடு பாதியில மாட்டி, புகைபோக்கி மாதிரி நட்டுக்கிட்டு நிக்கும். ஸ்டோவ்பைப்னு பேரு. நான் முதல் முதலா ரேபிட் ஃபயர்ல நின்னப்போ இதேதான், மூணாவது ஷாட்ல கூடு நட்டுக்கிச்சு, 10 செகண்ட் ஓடிட்டே இருக்கு, நான் பித்தளையையே பார்த்துட்டு நிக்கிறேன். இதுமாதிரி துப்பாக்கி மக்கர் பண்ணினா அலிபின்னு கையைத் தூக்கலாம், மறுபடி சுட விடுவாங்க, ஆனா நெஞ்சு படபடப்பு அடங்குறதுக்குள்ள அந்தச் சுற்றே போயிடும். வீட்டுக்கு வந்து 12 பவுண்டு ஸ்பிரிங் போட்டேன், அதே தோட்டா தண்ணி மாதிரி ஓடுச்சு.

அதனால லைட் லோடுங்கிறது தோட்டாவுல மட்டும் பண்ற மாற்றம் கிடையாது. ஸ்பிரிங், குண்டோட எடை, மருந்தோட வகை, சைட் எல்லாம் சேர்ந்த ஒரு ஜோடிப்பு. இதே லைட் லோடுக்குன்னு செட் பண்ணின பிஸ்டலை வாட் கன்னு தனிப் பேரே வச்சுக் கூப்பிடுவாங்க. 25 கஜத்துக்குன்னு ஒரு லோடு, 50 கஜத்துக்குக் கொஞ்சம் வேகமா ஒரு லோடுன்னு ரெண்டு தனித்தனி பெட்டி வச்சிருக்குறவங்களும் உண்டு.

எந்த மருந்து

அடுப்புல பனை ஓலையைப் போட்டா குபுக்குனு பிடிச்சு நொடியில எரிஞ்சிரும். புளிய விறகுக்கட்டை பிடிக்கவே நேரமாகும், பிடிச்சா நின்னு எரியும். துப்பாக்கி மருந்துலயும் அப்படி வேக மருந்து, நிதான மருந்துன்னு இருக்கு. நிதான மருந்து நல்ல அழுத்தம் இருந்தாதான் ஒழுங்கா எரியும், கொஞ்சமா போட்டா பாதி எரியாம மஞ்சள் துகளா குழல் பூரா கிடக்கும். லைட் லோடுக்கு பனை ஓலை ஜாதிதான் வேணும், கம்மியா போட்டாலும் முழுசா எரியணும். இதுல பேர் போன மருந்துக்குப் பேரே புல்ஸ்ஐ, நூறு வருஷத்துக்கும் மேல விக்குது.

எவ்ளோ கொஞ்சம்னா, நாலு கிரெயின்னு வச்சுக்கிட்டா ரெண்டு குன்றிமணி எடை, கால் கிராம் சொச்சம். கூட்டுக்குள்ள பார்த்தா அடியில ஒரு சிட்டிகை கிடக்குற மாதிரி இருக்கும், மேல பூரா காலி.

மொட்டைக் குண்டு ஏன்

டார்கெட் குண்டைப் பார்த்தா புதுசா வர்றவங்களுக்கு அதிர்ச்சியா இருக்கும், மூக்கே இருக்காது. பாயிண்ட் 38க்கு வர்ற 148 கிரெயின் வாட்கட்டர் மேல தட்டையா, ஒரு சின்ன ஈய உருளை மாதிரி இருக்கும். வாட்கட்டர்ங்கிறது தட்டை முகக் குண்டு.

காரணம் பேப்பர்ல இருக்கு. உருண்டை மூக்குக் குண்டு பேப்பரைக் கிழிச்சுட்டுப் போகும், ஓட்டை ஓரம் பிசிறு பிசிறா உள்ள மடங்கிக்கும், உண்மையான அளவே தெரியாது. தட்டைக் குண்டு ஆபீஸ்ல பேப்பர் பஞ்ச் பண்ற மாதிரி வட்டமா வெட்டி எடுத்துரும். இந்த விளையாட்டுல ஓட்டை கோட்டைத் தொட்டாலே மேல இருக்குற புள்ளி கிடைக்கும், சந்தேகம்னா ப்ளக் கேஜ்னு ஒரு அளவுக் குச்சியை ஓட்டையில விட்டுப் பூதக்கண்ணாடி வச்சுப் பார்ப்பாங்க. 45 குண்டோட குறுக்களவு சுமார் 11.5 மில்லிமீட்டர், அந்த ஓட்டை சுத்தமா இருந்தா 9ஆ 10ஆன்னு சண்டையே வராது.

ஆனா முழு மொட்டை தானியங்கி பிஸ்டல்ல குழலுக்குள்ள ஏறத் தடுமாறும். அதுக்குத்தான் 45ல செமி வாட்கட்டர், முன்னாடி கூம்பு மாதிரி ஒரு மூக்கு, கூம்போட அடியில சுத்தி ஒரு கூரான தோள். மூக்கு உள்ள ஏற உதவும், தோள் பேப்பரை வெட்டும்.

இதுவரைக்கும்: லைட் லோடு உதையைப் பாதியாக்குது, ஃப்ளின்ச்சை அடக்குது. குண்டு கொஞ்சம் கூடுதலா இறங்குறதைச் சைட் பார்த்துக்கும். ஸ்பிரிங்கும் மருந்தும் குண்டோட வடிவமும் அதுக்கேத்த மாதிரி அமையணும்.

ஒரே மாதிரி வர்றது எப்படி

வீட்டுல ஆழாக்குல அரிசி அளந்திருக்கீங்களா? அப்படியே கொட்டித் தலை வழிச்சா ஒரு அளவு, அதையே ரெண்டு தட்டு தட்டினா அரிசி அமுங்கி இன்னொரு கைப்பிடி உள்ள போகும். மருந்து அளக்குற கருவியும் ஆழாக்குதான், எடையைப் பார்க்காது, கொள்ளளவைத்தான் பார்க்கும். கைப்பிடியை ஒரு தடவை மெதுவா இழுத்து இன்னொரு தடவை டமால்னு இழுத்தா எடை மாறும். அதனால ஒரே வேகத்துல, ஒரே அழுத்தத்துல, பத்துக்கு ஒண்ணைத் தராசுல வச்சுப் பார்த்துக்கிட்டே போகணும்.

இன்னொரு சங்கதி, கூடு பெருசு, மருந்து சிட்டிகை. துப்பாக்கியைக் கீழ சாய்ச்சுட்டுத் தூக்கினா மருந்து குண்டுப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும், மேல தூக்கிட்டு இறக்கினா ப்ரைமர் பக்கம் இருக்கும். ப்ரைமர் பக்கம் இருந்தா சுறுசுறுப்பா பிடிக்கும், தூரமா இருந்தா கொஞ்சம் சோம்பலா பிடிக்கும், வேகம் மாறும். பாயிண்ட் 38 ஸ்பெஷல்ல இது அதிகம், ஏன்னா அந்தக் கூடு கருமருந்துக் காலத்து டிசைன், சுமார் 21 கிரெயின் கருமருந்து பிடிக்கிறதுக்குன்னு பண்ணினது, அதுல இப்போ மூணு கிரெயின் கிட்டதான் போடுறோம்.

ஆனா ஒண்ணு சொல்றேன், இதை நிறைய பேர் ஒத்துக்க மாட்டாங்க. வேகத்தோட ஏற்ற இறக்கத்தைப் பத்தி ராத்திரி பூரா கவலைப்படுறவங்க இருக்காங்க, செகண்டுக்கு 5 மீட்டர் வித்தியாசம் வந்தா 50 கஜத்துல ஏற்ற இறக்கம் ஒரு சென்டிமீட்டர்கூட வராது, கணக்குப் போட்டுப் பாருங்க. அதை விட குண்டோட அடிப்பக்கம் நல்லா இருக்கான்னு பார்க்குறது எவ்ளவோ மேல். குழலை விட்டுக் குண்டு பிரியுற கடைசி நொடியில வாயு அடிப்பக்கத்துலதான் தள்ளுது, அங்க ஒரு ஓரம் நசுங்கி இருந்தா வாயு ஒரு பக்கமா ஒழுகிக் குண்டைச் சாய்ச்சு விட்டுரும், பம்பரத்தை விடுற நொடியில கயிறு சிக்கினா தலையாட்டிக்கிட்டே சுத்துமே, அந்த மாதிரி. நான் குண்டு பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொண்ணையும் திருப்பி அடியை விரல் நகத்தால தடவிப் பார்ப்பேன். நசுங்கினதெல்லாம் தனி டப்பா, 25 கஜத்துப் பயிற்சிக்கு.

லைட்னா சேஃப்னு யாரும் நினைக்காதீங்க

அந்தப் பையனுக்கான பகுதி இது. ஃபுல் லோடுல நிறைய மருந்து வகைக்கு கூடு முக்கால்வாசி நிறைஞ்சிரும், தப்பா ரெண்டு தடவை கொட்டிட்டா வழிஞ்சு மேஜை பூரா சிந்தும், நமக்கே தெரிஞ்சிரும். லைட் லோடுல சிட்டிகை மருந்து, ரெண்டு தடவை விழுந்தாலும் கூட்டுக்குள்ள அமைதியா உக்காந்திருக்கும், மூணு தடவை விழுந்தாக்கூட இடம் இருக்கும். டபுள் சார்ஜ்னு பேரு. மேல சொன்னேன்ல, அழுத்தமும் எரியுற வேகமும் ஒண்ணை ஒண்ணு ஏத்தும்னு, அதனால ரெண்டு மடங்கு மருந்து ரெண்டு மடங்கு அழுத்தத்தோட நிக்காது, அதைத் தாண்டிப் போகும். 45 ஏசிபிக்கு (நம்ம 45 தோட்டாவோட முழுப் பேரு) அமெரிக்கத் தொழில்துறை வச்ச உச்ச அழுத்தம் 21,000 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு, நிறைய நவீனத் தோட்டாக்களோட ஒப்பிட்டா ரொம்பக் கம்மி, 9 மில்லிமீட்டருக்கு 35,000. அந்தக் கூடும் அந்தத் துப்பாக்கியும் அந்த அளவை நம்பித்தான் இருக்கு. தாண்டினா கூடு கிழியும், கைப்பிடி பிளக்கும், கை போகும்.

இதுக்கு நேர் எதிர் ஸ்க்விப். மருந்தே விழாத தோட்டா. ப்ரைமரோட பொறி மட்டும் குண்டைக் குழலுக்குள்ள கொஞ்ச தூரம் தள்ளிட்டு விட்டுரும், குண்டு உள்ளயே சிக்கி நிக்கும்.

எனக்கு நடந்தது இது. குளிர்காலத்துல உள்ளரங்குல, 50 அடி தூரத்துல வாராவாரம் சுடுவோம். டைம்டு ஃபயர், ரெண்டாவது ஷாட்டுக்கு "பட்"னு ஒரு சத்தம், டம்ளரைக் கவுத்து வச்ச மாதிரி. ஸ்லைடு நகரல. 20 செகண்ட் ஓடுது, நான் பழக்கத்துல ஸ்லைடை இழுத்து அடுத்ததை ஏத்திட்டு விரலைக் கொண்டு போறேன், பக்கத்து இடத்துல நின்னு சுட்ட எழுபது வயசுப் பெரியவர் தன் சுற்றையே விட்டுட்டு "ஸ்டாப்!"னு கத்தினாரு. அந்தச் சத்தம் அவர் காதுக்குத் தப்பல. இறக்கி, பிரிச்சு, குழலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தா வெளிச்சமே வரல. பித்தளைக் குச்சி விட்டு மெதுவா தட்டினாரு, என் குண்டு மேஜையில உருண்டுச்சு. அடுத்ததைச் சுட்டிருந்தா ரெண்டாவது குண்டு முதலாவது மேல மோதிக் குழல் உப்பியிருக்கும், இல்ல வெடிச்சிருக்கும்.

ஏன் நடந்துச்சுன்னு எனக்கு நல்லா தெரியும். முந்தின நாள் ராத்திரி மருந்து போட்டுக்கிட்டு இருக்கும்போது போன் வந்துச்சு, பேசிட்டு வந்து விட்ட இடத்துல இருந்து தொடர்றதா நினைச்சு ஒண்ணைத் தாண்டிட்டேன். அன்னைக்கு வெறும் கூடு. அதே கவனக்குறைவு இன்னொரு பக்கமா சாய்ஞ்சிருந்தா டபுள் சார்ஜ். இப்போ 50 குழி வச்ச மரக்கட்டையில கூடுகளை நிறுத்தி, மருந்து போட்டு முடிச்சதும் மேல லைட்டைச் சாய்ச்சுப் பிடிச்சு ஒவ்வொரு வாய்க்குள்ளயும் எட்டிப் பார்த்துட்டுத்தான் குண்டையே கையில எடுப்பேன். அம்பதும் ஒரே மட்டத்துல சாம்பல் நிறத்துல தெரியணும், ஒண்ணு இருட்டா இருந்தாலோ ஒண்ணு மேல ஏறி இருந்தாலோ அந்த வரிசையே திரும்பக் கொட்டப்படும். போன் வேற ரூம்ல. மேஜையில ஒரே ஒரு மருந்து டப்பா, வேற டப்பா திறந்திருக்கவே கூடாது.

குண்டை ரொம்ப ஆழமா செருகுறதும் இதே ஜாதித் தப்பு, வெளிய இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது, ஆனா உள்ள இடம் சுருங்கிப் போச்சு, அழுத்தம் எகிறும்.

எத்தனை கிரெயின்னு ஏன் எழுதல

இவ்ளோ எழுதிட்டு, எந்த மருந்துல எத்தனைன்னு மட்டும் சொல்லலயேன்னு கேப்பீங்க. வேணும்னேதான். மருந்துப் பேரு, குண்டோட எடை, அது ஈயமா செம்புத்தோல் போட்டதா, எவ்ளோ ஆழம், எந்த ப்ரைமர், இதுல ஒண்ணு மாறினாலும் கணக்கு மாறும், யாரோ எழுதினதைப் பார்த்துப் போடுற விஷயம் கிடையாது. மருந்து கம்பெனிங்களும் குண்டு கம்பெனிங்களும் சோதனைக் குழல்ல அழுத்தம் அளந்து புத்தகமாவே போடுறாங்க, அதுல இருக்குற குறைஞ்ச அளவுல ஆரம்பிக்கணும், அதுக்கும் கீழயும் போகக் கூடாது, மேல் எல்லைக்கும் அவசரப்படக் கூடாது. முதல் ஆயிரம் தோட்டாவை அனுபவம் உள்ள ஒருத்தர் பக்கத்துல உக்காந்திருக்கும்போது செய்யுங்க. ஈயம் தொடுற வேலை, உள்ளரங்குல ப்ரைமர் புகையிலும் ஈயம் இருக்கு, முடிச்சதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாம டீ கிளாஸைத் தொடாதீங்க.

ஊர்ல இதைப் பண்ணலாமா

சித்தப்பாவோட அடுத்த கேள்வி இதான். அமெரிக்காவுல சொந்த உபயோகத்துக்கு ரீலோட் பண்ண ஃபெடரல் லைசென்ஸ் தேவையில்ல, வித்தாத்தான் வேணும். இந்தியாவுல 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்கிறதுக்கே லைசென்ஸ் வேணும், அது இல்லாம வீட்டு மேஜையில உக்காந்து செய்யுற பேச்சுக்கே இடமில்ல. யாரும் முயற்சி பண்ணாதீங்க.

ஆனா இதே தத்துவத்தை நம்ம ஷூட்டர்களும் வருஷக்கணக்கா கம்பெனித் தோட்டாவுல சுட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. 25 மீட்டர் சென்டர்ஃபயர் பிஸ்டல்னு சர்வதேசப் போட்டி இருக்கு, மனு பாக்கரோட கோச்சுன்னு இப்போ எல்லாருக்கும் தெரிஞ்ச ஜஸ்பால் ராணா 2006 தோஹா ஆசியப் போட்டியில 600க்கு 590 சுட்டு உலக சாதனையைச் சமன் பண்ணினது அந்தப் பிரிவுலதான். அங்க பெரும்பாலும் ஓடுறது பாயிண்ட் 32 வாட்கட்டர். எங்கயாவது ரேஞ்சுல பார்க்கக் கிடைச்சா கேட்டுட்டு ஒண்ணை வாங்கிப் பாருங்க, குண்டு எங்கன்னு தேட வேண்டியிருக்கும், ஏன்னா அது கூட்டோட வாய் மட்டத்துக்கு உள்ள முழுசா அமுங்கி, மேல தட்டையா ஒரு சாம்பல் வட்டம் மட்டும்தான் தெரியும்.